கடல் காற்றாலைக்குக் கேபிள் வழியை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலில் அமையும் பெரிய காற்றாலைகளைப் பற்றிப் பேசும்போது கோபுர உயரமும் மெகாவாட் கணக்குமே முன்னிற்கின்றன. மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கடலடி கேபிளைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. ஜெர்மனியின் போர்கும் தீவுக்கு அருகே 30 காற்றாலைகளுடன் எழுந்த ரிஃப்காட் திட்டம் 2013 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் கேபிள் செல்லும் வழியில் உலகப்போர்க் காலத்து வெடிபொருள்கள் கிடந்து, அவற்றை அகற்றுவதிலேயே காலம் கழிந்ததால், 2014 பிப்ரவரியில்தான் மின்சாரம் கரை சேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில், உப்புக்காற்றில் இயந்திரங்கள் பழுதாகாமல் இருக்க டீசல் எரித்து அவற்றை இயக்கினார்கள் என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி.

ஆகவே கடற்படுகை ஆய்வும் மின்கட்டமைப்பு இணைப்புக்கான திட்டமும், காற்றாலை அமைக்கும் உரிமையை நிறுவனங்களுக்கு அளிக்கும் ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. டென்மார்க்கும் நெதர்லாந்தும் ஆய்வு விவரங்களைப் பொது அமைப்புகள் வாயிலாகத் திரட்டி ஏலத்தில் பங்கேற்போருக்கு அளித்துள்ளன; ஒவ்வொரு நிறுவனமும் அதே படுகையைத் தனித்தனியே அளப்பதைவிட இது சிக்கனமானது, தெரியாத இடர்களுக்கென்று விலையில் ஏற்றிவைக்கும் தொகையும் குறையும். வழித்தடம் முடிவான பிறகு மீனவர்களிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு. வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன்பே அவர்களை அழைத்தால், இழுவலை ஓடும் பகுதிகளைத் தவிர்த்துக் கேபிளைப் புதைக்க இயலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்