1957 பதக்கங்கள் போலி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழம்பொருள் சேகரிப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் ஸ்வஸ்திகா இல்லாத ஜெர்மன் போர்ப் பதக்கங்கள் எல்லாமே சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்டுவதற்காகச் செய்த போலி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது சரியில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேச நாடுகள் நாஜி சின்னமான ஸ்வஸ்திகா பொறித்த ஜெர்மன் போர்ப் பதக்கங்களை அணியத் தடை போட்டன. 1955இல் மேற்கு ஜெர்மனி புண்டஸ்வேர் என்ற புது ராணுவத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த அதிகாரிகள் பலரும் ஹிட்லரின் படையில் இருந்தவர்கள்தான், அவர்கள் வாங்கிய பதக்கங்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1957 ஜூலைச் சட்டம்: பதக்கத்தை அணியலாம், நாஜி சின்னம் மட்டும் இருக்கக் கூடாது. அதற்கேற்பப் புது அச்சில் அடித்தவற்றைத்தான் சேகரிப்பாளர்களான நாங்கள் '57 மாடல்' என்கிறோம்.

இரும்புச் சிலுவை என்ற சிலுவை வடிவப் போர்ப் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் மூன்று ஓக் இலைகள், ஆனால் கீழ்க்கையில் 1939 என்ற ஆண்டு அப்படியே நிற்கும். காயம்பட்டவர்களுக்கான பேட்ஜில் அதே ஹெல்மெட், அதே குறுக்கு வாள்கள், ஹெல்மெட்டின் மேல் மட்டும் சின்னம் இல்லை. என்னைக் கேட்டால் சேகரிக்க வேண்டியதே இவற்றைத்தான். எதை நீக்கினார்கள், எதை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள் என்பது அந்தச் சின்ன உலோகத்துண்டிலேயே தெரிகிறது. சின்னத்தை எடுத்ததால் அந்தப் போரின் குற்றம் கழுவப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்லிப் பெருமை பேசும் சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். 57 மாடல் என்றால் 1957லேயே செய்தது என்று அர்த்தமில்லை, அதற்குப் பிறகும் பல காலம் அடித்திருக்கிறார்கள், அதனால் அந்த ஆண்டைச் சொல்லி விலை ஏற்றுபவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். பழைய பதக்கத்தில் ஸ்வஸ்திகாவை அரத்தால் ராவி எடுத்ததும் உண்டு. அது வேறு வகை, ராவிய தடம் கண்ணுக்கே தெரியும்.

கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது நல்ல 57 பதக்கத்தைப் போலி என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. தயவுசெய்து அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள்.