டைனோசர் நூலில் லெய்டிக்கு இடம் கொடுங்கள்

சிறுவர் அறிவியல் நூல் வெளியிடும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் டைனோசர் நூலின் மறுபதிப்பு எங்கள் நூலகத்துக்கு வந்தது. அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஜோசப் லெய்டியையும் அதில் சேர்க்கும்படி முதல் பதிப்பின்போதே எழுதியிருந்தேன். 'பிள்ளைகளுக்குச் சண்டைக் கதைதான் பிடிக்கும்' என்று பதில் அனுப்பினீர்கள். இந்தப் பதிப்பிலும் லெய்டியின் பெயர் எங்குமே இல்லை. அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் மார்ஷும் கோப்பும் டைனோசர் எலும்புக்காக அடித்துக்கொண்ட கதை ஓர் அத்தியாயம் முழுக்க ஓடுகிறது. அமெரிக்க டைனோசர் ஆராய்ச்சியைத் தொடங்கியவர்களே இவர்கள்தான் என்ற வரியும் அப்படியே இருக்கிறது.

அந்த வரியால் என்ன நடந்தது தெரியுமா? பள்ளிகளுக்கான ஒரு வினாடி வினாவில், அமெரிக்காவில் கிடைத்த டைனோசர்களுக்கு முதலில் பெயர் வைத்தவர் யார் என்று கேட்டார்கள். எங்கள் நூலகத்தில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பெண் லெய்டி என்றாள். நடுவர் உங்கள் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தவறு என்றார். அமெரிக்காவின் மேற்கே ஜூடித் ஆற்றுப் பக்கம் ஹேடன் என்ற நிலவியலாளர் பொறுக்கி அனுப்பிய பற்களை வைத்து, ட்ரூடான் உள்ளிட்ட டைனோசர் பெயர்களை லெய்டி சூட்டியது 1856-இல். அப்போது கோப் பதின்ம வயதுச் சிறுவன். மார்ஷ் கல்லூரியில் சேர்ந்ததே அந்த ஆண்டுதான். சரியான விடை சொன்ன பிள்ளை அழுதுகொண்டே மேடையிலிருந்து இறங்கினாள்.

1858-இல் நியூ ஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில், ஒரு பண்ணைக் குழியிலிருந்து ஃபோல்க் என்ற புதைபடிவ ஆர்வலர் ஒரு டைனோசரின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். லெய்டி அதற்கு ஹாட்ரோசாரஸ் என்று பெயர் வைத்தார். மண்டையோடு கிடைக்கவில்லை. லெய்டி முன்காலையும் பின்காலையும் அருகருகே வைத்து அளந்தார். முன்கால் எலும்புகள் மிகவும் சிறியவை. அப்படியானால் இந்த விலங்கு கங்காருபோல் பின்காலிலும் வாலிலும் ஊன்றி நின்று தழை தின்றிருக்கும் என்றார். லண்டனில் டைனோசர்களை நாலுகால் பூதங்களாகச் சிலை வடித்து நிறுத்தியிருந்த காலம் அது. அந்த ஹாட்ரோசாரஸ்தான் 1868-இல் பிலடெல்பியாவில் முழு உருவமாக நிறுத்தப்பட்டது. உலகில் அப்படி நிறுத்தப்பட்ட முதல் டைனோசர் எலும்புக்கூடு அதுதான். உங்கள் நூலில் அதன் படம் இருக்கிறது, ஆராய்ந்தவர் பெயர் இல்லை.

லெய்டி பணக்காரர் அல்லர், உடற்கூறியல் பேராசிரியர். புதைபடிவம் எங்கே கிடைத்தாலும் அவருக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் மார்ஷும் கோப்பும் காசை இறைத்து எலும்புகளை வாங்கத் தொடங்கினார்கள். தன்னால் போட்டி போட முடியாது என்று சொல்லி, அவர் மெல்ல ஒதுங்கி நுண்ணுயிர்களை ஆராயப் போனார். அப்படி ஒதுங்குவதற்கு முன், 1872-இல் வயோமிங்கில் கிடைத்த ஒரே பாலூட்டி விலங்குக்கு மூவரும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இன்று நிலைத்திருப்பது லெய்டி வைத்த யூயின்டாதேரியம் என்ற பெயர். இதில் பிள்ளைகளுக்குப் பிடிக்காதது என்ன இருக்கிறது?

சத்தம் போட்டவர்களுக்கு மட்டுமே பக்கம் ஒதுக்குவது உங்கள் நூலோடு நிற்கும் பழக்கம் அல்ல. நம் சிறுவர் அறிவியல் நூல்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. தகவலைச் சரிபார்க்க ஒரு ஆளை வைப்பது அவ்வளவு பெரிய செலவா? அச்சில் வந்ததை அப்படியே நம்பும் வயது அது.

கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அதேதான்: அடுத்த அச்சில் லெய்டிக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள். அதுவரை, விற்காத பிரதிகளில் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுங்கள். அந்த வினாடி வினாவை நடத்தியவர்களுக்கும் தவறு உங்களுடையது என்று தயவுசெய்து ஒரு கடிதம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறுவர் நூலகப் பொறுப்பாளர்