எந்த லினக்ஸ் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல்தான். வேறு சாக்குச் சொன்னால் நீ நம்பவா போகிறாய்? மகள் விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. எனக்குக் கண்ணாடி பவர் கூடிவிட்டது. உனக்கு முழங்கால், எனக்குக் கண். கணக்குச் சரியாகத்தான் போகிறது.

வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கணக்கு எழுதும் தொழிலில் இறங்கிவிட்டாய் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவழியாகச் செய்துவிட்டாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வீட்டு லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை, அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லையாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் அதற்கு ஒன்று, தொழிலுக்கு வாங்கிய இரண்டு கணினிகளுக்கு ஒன்று. எது சிறந்தது என்கிறாய். நான் உன்னைத் திருப்பி ஒன்று கேட்கிறேன்: எத்தனை நாளைக்கு ஒருமுறை உன் கணினி மாறினால் உனக்குத் தாங்கும்? டிஸ்ட்ரோ (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வகை) என்று ஆயிரம் பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதே லிப்ரே ஆபீஸ், அதே ஃபயர்பாக்ஸ். வித்தியாசம் அவற்றை எந்த வேகத்தில் உன் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு, ரோலிங் வகை ஒன்றை வேலைக்கான லேப்டாப்பில் போட்டேன். அதில் பதிப்பு என்ற பேச்சே கிடையாது. புதியது வரவர ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு திங்கட்கிழமை, கூட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. சும்மா இருக்காமல் அப்டேட் கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. புதுக் கெர்னலுக்கும் கிராபிக்ஸ் டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்ப எனக்கு வழி தெரியும்தான், ஆனால் அதற்குள் பாதிக் கூட்டம் முடிந்துவிட்டது. டிஸ்ட்ரோமேல் குற்றமில்லை. எனக்குத்தான் ஆசை.

அதனால் தொழிலுக்கு டெபியன். 1993-இல் தொடங்கியது, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. இது முக்கியம். ரெட் ஹேட் நிறுவனத்தின் கையில் இருந்த சர்வர் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை என்றிருந்த ஆதரவை 2021 டிசம்பரோடு நிறுத்துகிறோம் என்று திடீரென்று அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? ராக்கி, அல்மா என்று மாற்றுகள் வந்தன என்றாலும், சர்வர் வைத்திருந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருடம் முழு ஆதரவு, அதன்மேல் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவு. பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண் அப்படியே நிற்கும். பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தருவார்கள். உனக்கு அலுப்பாக இருக்கும். இருக்கட்டும். முன்பெல்லாம் வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருளைத் தேடித் தனியாக அலைய வேண்டும். 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. உன் வாடிக்கையாளர்களின் கணக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளில் இருந்தால், ஒரு கணினியை விண்டோஸாகவே விட்டுவை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அடுத்தவர் கணக்கை வைத்துச் சோதனை பண்ணாதே.

வீட்டுக்கு மின்ட். உபுண்டு என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டியது. 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு. மெனு கீழே இடது மூலையில் இருப்பதால் உன் வீட்டம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரேம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையமைப்புள்ள பதிப்பை எடு. டைம்ஷிப்ட் என்று ஒன்று கூடவே வரும், முதல் நாளே அதை இயக்கிவிடு. ஏதாவது சொதப்பினால் நேற்றைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். உன் கோப்புகளை அது காப்பாற்றாது, சிஸ்டத்தை மட்டும்தான். ஃபெடோரா எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு பதிப்பும் ஏறக்குறைய 13 மாதம்தான். உனக்கு வேண்டாம். தமிழுக்குக் கவலையே இல்லை. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகளைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். இந்தக் கடிதமே அதில் தட்டியதுதான்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார். திரை அழகாக வருகிறதா என்று பார்க்காதே, அது வரும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திற. வைஃபை தானாகத் திரும்புகிறதா? ஹெட்போனைச் செருகினால் சத்தம் அதற்கு மாறுகிறதா? பிரிண்டரில் ஒரு பக்கம் எடு. இதில் எது சண்டித்தனம் செய்தாலும் எனக்கு எழுது, இன்ஸ்டால் பொத்தானைத் தொடாதே.

தொடுவதற்கு முன் படங்களை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடு. நம் கல்லூரிக் கடைசி நாள் படங்கள் உன்னிடம் மட்டும்தான் இருக்கின்றன.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்