ஒரு கார்டில் அடங்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நீ பெங்களூர்ப் பத்திரிகைக்கு அனுப்பி, மூன்று வாரமாகியும் வெளிவராத கடிதத்தின் நகலை உன் அப்பா இரண்டு முறை படித்தார். நான் ஒரு முறை படித்தேன். நீ சொல்ல வந்ததில் எங்களுக்கு மறுப்பே இல்லை. 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெங்களூர் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, அப்போது 198 வார்டுகள் கொண்டிருந்த அவ்வளவு பெரிய நகரம் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளின் கையிலேயே இருந்தது எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் நீ எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்த ஆசிரியரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஒதுக்கித்தான் வைத்திருப்பேன். கோபித்துக்கொள்ளாதே, என் முதல் கடிதத்தையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள், அதுவும் சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் 1978 முதல் 36 ஆண்டுகள் அஞ்சலகத்தில் வேலை பார்த்தேன். அந்த ஆண்டுகளில் பத்திரிகைக்கு அரசியல் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அரசின் கொள்கையையும் செயலையும் பத்திரிகையில் விமர்சிப்பதைத் தடுக்கின்றன. புனைபெயரில் எழுதினாலும், பெயரே போடாமல் எழுதினாலும் அது விதிமீறல்தான். வாயைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் எழுதும் முறையை நான் கற்றேன் என்றால் நம்புவாயா? அஞ்சல் கார்டு 15 காசுக்கு விற்ற நாட்களில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாரந்தோறும் ஒரு கார்டு வாங்கி, கவுன்ட்டருக்கு எதிரே இருந்த சாய்வு மேசையிலேயே நின்றபடி ஆசிரியருக்கு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். கார்டுக்கு உறை கிடையாது. முத்திரை குத்துகிறவர் முதல் பை கட்டுகிறவர் வரை எல்லோரும் படித்துவிடுவோம். படிக்கக்கூடாதுதான், ஆனாலும் படித்தோம். ஒரு கார்டுக்கு ஒரே விஷயம். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை நாளாக, யார் செய்ய வேண்டியது, அவ்வளவுதான் இருக்கும். ‘வெட்கக்கேடு’ என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட எழுதவில்லை, ஆனால் படித்து முடித்த எங்களுக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும் என் முறை வந்தபோது நான் கோட்டை விட்டேன். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களுடைய பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பாணையை உயர் நீதிமன்றம் அதே மாதத் தொடக்கத்தில் ரத்து செய்தது. உறுப்பினர்களுக்குப் பதிலாக மன்றங்களை நடத்தத் தனி அலுவலர்கள் வந்தார்கள், அவர்களுடைய காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நம் ஊரைப் போன்ற நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடையில், 2017இல், நான் நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: மக்களாட்சியின் மாண்பு, காந்தியடிகளின் கிராம சுயராஜ்யம், உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறை, எல்லாம் அதில் இருந்தன, நம் தெரு மட்டும் இல்லை. அது வரவில்லை. ஆறு மாதம் கழித்து, நகராட்சி மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவு சொல்வதை ஒரு வாக்கியத்தில் எழுதினேன்; எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதவும் உடன் வந்து நிற்கவும் முன்பு கவுன்சிலர் ஒருவர் இருந்தார், இப்போது அந்த வயதான பெண்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதினேன். அது மாவட்டப் பதிப்பில் வந்தது. ஒரு வாக்கியத்தை வெட்டியிருந்தார்கள், நான் வைக்காத ஒரு தலைப்பையும் வைத்திருந்தார்கள். அதற்குச் சண்டைக்குப் போகக்கூடாது. அந்தப் பத்தியில் இடம் அவர்களுடையது.

அந்தக் கடிதத்தால் தேர்தல் வந்தது என்று நான் பெருமையடிக்க மாட்டேன். தேர்தல் அதற்குரிய வழக்குகளாலும் கணக்குகளாலும் வந்தது. ஆனால் கடிதம் வெளியான மறுநாள் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, “அம்மா எந்தப் பக்கம்?” என்று கேட்டார். நான் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களோ ரேஷன் கடை வரிசையில் என்னைப் பாராட்டினார்கள். 2025 ஜனவரியில், 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தபோது, கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. இந்த முறை அரசமைப்புச் சட்டத்தில் ஊராட்சிகளுக்குரிய 243இ பிரிவைச் சொல்லி, கிட்டத்தட்ட அதே சொற்களில் எழுதினேன். அன்று பாராட்டியவர்களில் சிலர் இன்று பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்கள். பழைய கடிதத்தையும் புதிய கடிதத்தையும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டிவைத்திருக்கிறேன், அடுத்த முறை வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம் என்று.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். 600 சொல்லுக்கு மேல் போகிறது, 150க்குள் கொண்டுவா. முதல் பத்தியில் நாட்டின் நிலை, இரண்டாவதில் எல்லாக் கட்சிகளும் ஒன்றுதான் என்ற சலிப்பு, மூன்றாவதில் ஒரு பழமொழி என்று போய், நீ கண்ணால் பார்த்த ஒரே விஷயம் ஐந்தாவது பத்தியில் ஒளிந்துகொண்டிருக்கிறது: மழை பெய்த இரவில், மூடி இல்லாத வடிகாலைச் சுற்றிக் குடியிருப்போரே தென்னை மட்டைகளை நட்டுக் காவல் நின்றது. அதுதான் உன் முதல் வாக்கியம். எந்த இரவு, எத்தனை பேர் நின்றீர்கள், இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எத்தனை இடம் அலைந்தீர்கள் என்று எழுதிய பிறகு, மன்றம் இல்லாத நான்கு ஆண்டுகளைச் சொன்னால், அந்த எண் தானாகவே கனக்கும்.

‘கொள்ளையடிக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. கையில் ஆதாரத் தாள் இல்லாமல் ஒருவரைக் குறித்து அப்படி எழுதினால் அவதூறு வழக்கு வரும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499ஆக இருந்தது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆக இருக்கிறது, எண் மாறியதே தவிர ஆபத்து மாறவில்லை. தாள் வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். இங்கே நான் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுகிறேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பதில் வராததையும் தேதியோடு எழுதலாம், சில நேரம் அதுவே நல்ல கடிதமாகிவிடும்.

பெயரை மறைத்துப் போடச் சொல்லலாமே என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. வாடகை வீடு, வேற்று மாநிலம். வேறு வழியில்லாத நேரத்தில் பத்திரிகைகளே பெயரை விட்டுவிட்டுப் போடுவதுண்டு, முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இருந்தால் போதும். ஆனால் வடிகாலைப் பற்றி எழுதுகிறவள் பெயரை மறைத்தால், படிக்கிறவர்கள் வடிகாலை விட்டுவிட்டு எழுதியது யார் என்று தேடுவார்கள். முடிவு உங்கள் இருவருடையது.

இதோடு 50 காசுக் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். நீ மின்னஞ்சலில்தான் அனுப்புவாய் என்று தெரியும். இது தபாலில் போடுவதற்கு அல்ல. முதலில் இதில் எழுதிப் பார். முகவரிப் பக்கத்தின் இடப்பாதியிலும் எழுதலாம் என்று அஞ்சல் துறை இடம் கொடுத்திருக்கிறது, நீ அங்கே போகாதே. எழுதியதைப் படம் பிடித்து அனுப்பு. சொற்களை எண்ண உன் அப்பா பேனாவோடு காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா