ஏழு காடைகள்

அன்புள்ள விஜி,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இப்போதுதான் பதில், திட்டாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு முட்டிவலி பரவாயில்லை. ராணி பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், அவள் திருந்தவே மாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடு விஷயத்தில் அப்பா இப்படிச் செய்துவிட்டுப் போய்விட்டாரே, செத்தவர் மேல் கோபப்படுவது பாவம் இல்லையா என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தில், நான் படிக்கிற எகிப்துக்காரர்களுக்குச் சாவையும் தங்க முகமூடியையும் விட்டால் வேறு நினைப்பே கிடையாது என்று கிண்டல் வேறு. இரண்டுக்கும் ஒரே பதில்தான் விஜி.

லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் ஒரு மண் கிண்ணம் இருக்கிறது. காவு என்ற ஊரில் கிடைத்தது, 4000 வருடப் பழசு. ஷெப்சி என்று ஒருவன் அதில் கடிதம் எழுதியிருக்கிறான், உள்பக்கம் செத்துப்போன அப்பாவுக்கு, வெளிப்பக்கம் அம்மாவுக்கு! படைத்த சாப்பாட்டுக்கு வரும்போது எழுத்தும் கண்ணில் படும் என்பதற்காகத்தான் கிண்ணத்தில் எழுதினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்மாவிடம் என்ன சொல்கிறான் தெரியுமா? காடை வேண்டும், சாப்பிடணும் என்று கேட்டாயே, உன் மகன் ஏழு காடை கொண்டுவந்து கொடுத்தேன், நீயும் சாப்பிட்டாய், இப்போது உன் கண் முன்னாலேயே எனக்குக் கெடுதல் நடக்கிறதே, அப்புறம் உனக்கு யார் நீர் வார்ப்பார்கள் என்று கேட்கிறான். இத்தனைக்கும் அவனுக்குக் கெடுதல் செய்வதாக அவன் சொல்லும் சொபெக்ஹோத்தெப்பும் இறந்தவன்தான், அவனை வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து துணி கொடுத்து அடக்கம் செய்ததே ஷெப்சிதான். எனக்கும் அவனுக்கும் நடுவில் நீயே நியாயம் சொல் என்று அம்மாவிடம் முறையிடுகிறான். அந்த ஏழு காடையைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்று நெதர்லாந்தின் லைடனில் இருக்கும் பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதிய கடிதம். மனைவியை இழந்தவன் ஆங்கிரி என்ற அந்த மனைவிக்கே எழுதியது, 3000 வருடத்துக்கும் மேல் ஆகிறது. நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன், பெரிய உத்தியோகம் வந்தபோதும் உன்னைக் கைவிடவில்லையே, வைத்தியரை அழைத்து வந்தேனே, மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறேனே என்று வரிசையாகச் சொல்லி, செத்தவர்கள் போகும் மேற்குத் திசையின் தேவர்கள் முன்னால் உன்மேல் வழக்குப் போடுவேன் என்கிறான். செய்ததையெல்லாம் சொல்லிக் காட்டுகிறவனை எனக்குப் பிடிக்காது, ஆனால் இவன் பயந்துபோய் எழுதுகிறான் என்பது தெரிகிறது.

தங்க முகமூடி ராஜாவுக்கு. இந்த மாதிரிக் கிண்ணத்தில்தான் அந்த ஜனங்கள் நிஜமாக எதை நம்பினார்கள் என்று தெரிகிறது. செத்தவர்கள் குடும்பத்தை விட்டுப் போய்விடவில்லை, அவர்களுக்கு நல்லதும் செய்ய முடியும் கெட்டதும் செய்ய முடியும், அதனால் அவர்களிடம் சண்டை போடலாம், நியாயம் கேட்கலாம். ஷெப்சிக்குக் கோபம் இருந்தது, நீர் வார்க்கவும் நினைத்தான். நீயும் அப்பாவுக்கு இந்த வருடம் திதி கொடு, கேட்க வேண்டியதையும் அவரிடம் கேள், வாய்விட்டே கேளடி.

உன் அண்ணனிடம் மட்டும் இப்போது எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. பத்திர நகலை வாட்ஸப்பில் அனுப்பு, எங்கள் தெரு வக்கீலிடம் காட்டிவிட்டு ஞாயிறு போன் செய்கிறேன்.

உன்,
கல்பனா