பெங்களூருக்கு ஒரு பார்சலும் ஒரு கடிதமும்

ஆலங்குடிப் பக்கம்
ஆனி 25

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா?

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு கையில் கரண்டியோடு நிற்கிறாய். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, சின்னவனுக்குச் சளி விட்டதா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, "வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துரும்மா, அங்க தனியா ஒக்காந்து என்ன செய்யப் போற" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. சித்திரையிலிருந்து இன்று வரை என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். படித்துப் பார், தாயி.

பங்குனிக் கடைசியில் புளி அடித்து முடித்த கையோடு நம் மகளிர் குழுவில் வடகம் போடப் பேசினோம். தெருவிலேயே நம் மொட்டைமாடிதான் பெரிது, அதனால் களம் இங்கேதான். விடியற்காலை 4 மணிக்கு அண்டாவில் கூழ் கிண்டி, ஆறவிட்டு எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் ஏறுவதற்குள் உன் அப்பாவின் பழைய வேட்டிகளில் பிழிந்துவிடுவோம். மோர் மிளகாய் நாலு நாள் வேலை. பகலில் வெயில், ராத்திரியில் மறுபடி மோர். வெங்காய வடகத்துக்குத்தான் வழக்கம்போல வாக்குவாதம் வந்தது. உளுந்து எவ்வளவு என்று கேட்டால் பெரியவர்கள் எல்லாரும் "ஒரு கைப்பிடி" என்கிறார்கள். புதிதாக வந்த மருமகள்களுக்கு அது பிடிபடவில்லை. கடைசியில் மளிகைக் கடைத் தராசை வாங்கிவந்து ஒவ்வொருவர் கைப்பிடியையும் நிறுத்தோம். கிழக்கு வீட்டு அப்பாயியின் கைப்பிடி 45 கிராம். என்னுடையது 38. எல்லாவற்றையும் குழு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இப்போது 60 பக்கத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கை இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு பதைப்பு.

குழுவில் 18 பேர். மாதத்தில் இரண்டு கூட்டம். முதல் கூட்டம் சேமிப்பு, கடன், தவணைக்கு. இரண்டாவதைப் படிப்புக் கூட்டம் என்று சொல்கிறோம். அதில் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது, ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் கலைய வேண்டும்.

வைகாசியில் காளான் கற்றுக்கொண்டோம். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஏழு பேர் பயிற்சிக்குப் போய்வந்தோம். சிப்பிக் காளான் நம் கோடைக்குத் தாங்காது, அது குளிர் காலத்துக்கு. வெயிலுக்குப் பால் காளான்தான். வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, ஊறவைத்து, முக்கால் மணி நேரம் வேகவைத்து, ஈரத்தை உலர்த்தி, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் விதை என்று நிரப்ப வேண்டும். முதல் தடவை 12 படுக்கை போட்டோம். எட்டில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, குழுப் பணம் அல்லவா! ஈரம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வைக்கோலைக் கையில் பிடித்து இறுக்கிப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். அந்தப் பதம் சொல்லித் தெரியாது, கைக்குத்தான் தெரியும். இரண்டாம் தடவை எல்லாரும் பிழிந்து பார்த்துப் பழகினோம். வெள்ளைப் பூசணம் பை முழுக்க ஓடியதும் பையைப் பாதியாக வெட்டி, வேகவைத்த மண்ணை மேலே இரண்டு விரற்கடை போட்டோம். பத்தாம் நாள் பார்த்தால் குண்டூசித் தலை மாதிரி மொட்டு! கால் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தோம். விற்றதைவிட அவரவர் வீட்டில் குழம்பு வைத்ததுதான் அதிகம். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அதே மாதம் கிராம செவிலியர் வந்து ரத்தம் பார்த்ததில் 18 பேரில் 11 பேருக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தது. முருங்கைக்கீரை வீட்டுக்கு வீடு இருந்தும் இந்த நிலைமை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று அந்தப் பெண் சொன்னது பல பேருக்குப் புதுச் செய்தி. உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

இனி எழுதப் போவதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. நம் தெருவில் நாலு பேர் தனியார் கடன் கம்பெனி ஒன்றில் வாரத் தவணைக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு வாசலில் பைக் வந்து நிற்கும். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னதற்கு, "பக்கத்து வீட்ல வாங்கிக் குடு" என்று தெருவே கேட்கும்படி சத்தம். அவள் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்துத்தான் அடுத்த படிப்புக் கூட்டத்துக்கு வட்டிக் கணக்கை எடுத்துக்கொண்டேன்.

கரும்பலகையில் அவள் கடனையே எழுதினேன். கடன் 40,000. வாரம் 900 வீதம் 52 வாரம். மொத்தம் கட்டுவது 46,800. வட்டி 6,800. "நூத்துக்கு 17 தானே அக்கா, பேங்க்ல நகைய வச்சாலும் கொஞ்சம்தானே கொறையும்" என்றாள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வாரா வாரம் அசலும் சேர்த்துத்தானே கட்டுகிறாய்? ஆறு மாதம் போனால் உன்னிடம் மிச்சம் இருக்கும் கடன் பாதிதான். வருஷம் முழுக்கச் சராசரி போட்டால் உன் கையில் இருந்தது 20,000 சொச்சம். அந்த 20,000 சொச்சத்துக்கு 6,800 வட்டி என்றால் நூற்றுக்கு 33 ஆகிறது. கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினேன். கூடத்தில் யாரும் பேசவில்லை. பிறகு அவளே எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, முதல் நாளே பிடித்துக்கொண்ட 1,200 ரூபாயையும் சேர்த்து எழுதினாள். கையில் வந்தது 38,800தான். வட்டி இன்னும் ஏறியது.

அந்த நாலு பேரின் மீதிக் கடனையும் குழு உள்கடனில் அடைத்துவிட முடிவு செய்தோம். இரண்டு பேருடையது முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் ஆவணிக்குள் முடியும். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் தெருவில் கோலம் போடும் சத்தம்தான் கேட்கும்.

பலா பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 2018 நவம்பர் 16 கஜா புயல் உனக்கு மறக்காது. உன் தாத்தா வைத்த பலாமரம் மூன்றும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்து உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர்தான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. தென்னையும் போய், கரண்டும் வாரக்கணக்கில் இல்லாமல் இருந்த அந்த நாட்களில் குழுப் பெண்கள்தான் சமுதாயக் கூடத்தில் ஒரே அடுப்பு மூட்டி எல்லாருக்கும் பொங்கினோம். மறு வருஷம் ஆடியில் வீட்டுக்கு இரண்டு ஒட்டுப்பலாக் கன்று வாங்கி நட்டோம். அப்பா தண்ணீர் ஊற்றிய கன்று அது. காய்ப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த வருஷம் ஆறு காய் பிடித்திருக்கிறது. முதல் பழத்தை அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அறுத்தேன். சுளை சின்னதுதான், தேன் மாதிரி இருந்தது. தாத்தா மரத்துச் சுளையின் வாசனை இதில் இல்லை, ஆனாலும் இது நம் மரம்.

இப்போது கிழக்கு வீட்டு அப்பாயி கதைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

1991இல் நம் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது உனக்கு ஒன்றரை வயது. மாரியம்மன் கோயில் திண்ணையில் ராத்திரி ஏழரை மணிக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. நான் கை நாட்டு. வயது 22. உன் தாத்தா முதலில் முறைத்தார், அப்பாதான் போ என்றார். நீ என்னை எழுத விடமாட்டாய், சிலேட்டைப் பிடித்து இழுப்பாய். அப்போது அப்பாயி உன்னை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "நீ எழுது ஆத்தா, இவள நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது. தினமும் அப்படித்தான். ஏன் அத்தை, நீங்களும் எழுதுங்களேன் என்று கேட்டால், "எனக்கு எதுக்கு, நீ படிச்சாப் போதும்" என்று உன்னைத் தட்டித் தூங்கவைக்கும். நான் முதலில் எழுதிய சொல் 'பட்டா'. உன் தாத்தா எத்தனையோ முறை கைநாட்டு வைத்த அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று நான் எழுத்துக் கூட்டிப் படித்தபோது அவர் முறைப்பதை நிறுத்தினார்.

அப்போது கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் அம்மா, படிப்போடு சைக்கிளும் பழகச் சொன்னார். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது? அப்பாவின் சைக்கிள்தான். பாரில் துண்டைச் சுற்றி உன்னை உட்காரவைத்து ஆலங்குடிச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். முதல் நாள் கண்மாய்க் கரை வரை பின்னாலேயே ஓடிவந்து கேரியரைப் பிடித்ததும் அப்பாயிதான்.

இத்தனையும் செய்த அந்த மனுஷிக்கு எழுத்துத் தெரியாது என்பது 30 வருஷத்துக்கு மேல் என் நெஞ்சில் கிடந்தது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் நம் ஊருக்குத் தன்னார்வலர் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நான் பெயர் கொடுத்தேன். பத்துப் பேரைச் சேர்த்தேன். முதல் பெயராக அப்பாயியை எழுதினேன். 70 வயது. "கண்ணு மங்கிப்போச்சு, கை நடுங்குது" என்று ஒரு வாரம் தட்டிக் கழித்தது. நான் விடவில்லை. நீங்கள் என் பிள்ளையை வைத்துக்கொண்டீர்கள், இப்போது நான் உங்கள் கையைப் பிடிக்கிறேன் என்றேன். அதன் பிறகு ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தது.

எல்லா எழுத்தும் வந்துவிட்டது, 'ழ' மட்டும் வரவில்லை. மூன்று மாதம். கீழே சுழித்துக் கொண்டுவரும்போது கை நடுங்கி ஒவ்வொரு தடவையும் 'ம'வாகவே நின்றுவிடும். அரிசி மாவில் விரலால் போடச் சொன்னேன். வாசலில் சிக்குக் கோலம் போடுகிற விரல், மாவில் அந்தச் சுழி சட்டென்று வந்துவிட்டது. சிலேட்டுக்குப் போனால் மறுபடி வராது. தேர்வு நம் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சான்றிதழ் இன்னும் வரவில்லை. போன வாரம் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல், வந்து நின்ற பஸ்ஸின் பலகையைப் பார்த்து, "கறம்பக்குடி... இது நமக்கு இல்ல" என்றது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தாயி, நீ கூப்பிடுவது என் மேல் உள்ள பாசத்தால் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்கிறது எனக்கும் கஷ்டம்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்த வீடு பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் நான் தனியாக இல்லை. ஐப்பசியில் பத்து நாள் வந்து இருக்கிறேன், தை அறுப்புக்கு முன்னால் நீ பிள்ளைகளோடு வா. நிரந்தரமாக வருவதைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

ஆடிப்பட்டத்துக்கு விதை பிரித்துக்கொண்டிருக்கிறோம். பார்சலில் வெங்காய வடகம், மோர் மிளகாய், பலாச்சுளை வற்றல் வைத்திருக்கிறேன். சின்னப் பொட்டலங்களில் கத்தரி, வெண்டை, கொத்தவரை விதை. கத்தரி விதை சாம்பலில் புரட்டியது, கழுவாதே. பால்கனியில் வெயில் விழும் பக்கம் தொட்டி வைத்து, கத்தரியை மட்டும் முதலில் நாற்றாக விட்டு ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி நடு. வெண்டையும் கொத்தவரையும் நேரே ஊன்றலாம். பெரியவளை ஊன்றச் சொல்.

உன் விலாசம் எழுதுகிறேன் என்று அப்பாயியிடம் சொன்னதும், கொஞ்சம் இடம் விடு என்றது. கீழே இருப்பது அதன் கையெழுத்து. அரை மணி நேரம் எழுதியது. நான் ஒன்றும் திருத்தவில்லை.

அன்புடன்,
அம்மா

நல்லா இருக்கியா ஆத்தா. பலா பழம் பழுத்து இருக்கு. புள்ளையலை கூட்டிகிட்டு வா. உன்னைய மடில வச்ச அப்பாயி எழுதுரது.