வகுப்பு முடிந்த பிறகு

சுங்கை சிப்புட், பேராக்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிள்ளானிலேயே ஆசிரியர் பணி அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அம்மா நலமாக இருக்கிறார். நாம் ஓடி விளையாடிய தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துவிட்டு, அங்கும் செம்பனைக் கன்றுகளை நட்டுவிட்டார்கள். ஈப்போவில் நான் சேர்ந்திருந்த நாவல் பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டதே, இனி என்னை யார் உட்கார்ந்து எழுத வைப்பார்கள் என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அங்கே கற்ற உத்திகள் எல்லாம் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கின்றன. இல்லாமல் போனது வேறொன்று. சனிக்கிழமை காலையில் ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் என் பக்கங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்ற நினைப்புதான் வெள்ளிக்கிழமை இரவில் என்னை எழுத வைத்தது. அந்தக் காத்திருப்பு நின்றதும் பேனாவும் நின்றுவிடுகிறது. அதைப் பலர் தங்களுக்கு ஆசையே வற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கப் படங்கள்தாம் வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். நாளிதழ் வழியாகவே கதை எழுதக் கற்றுத்தந்த அந்த முயற்சியில், பாடங்களைக் காட்டிலும், தாம் எழுதி அனுப்புவதை ஒருவர் பொறுப்போடு படிப்பார் என்ற நம்பிக்கையே எழுத வந்தவர்களை இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன். பின்னாளில் கதைகளை வெளியிட்ட நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் அந்த நம்பிக்கையைத் தந்தன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றுவிட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சிறுகதைக்காரருக்கு இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு உண்டு, நாவல் எழுதுகிறவருக்கோ எந்த ஞாயிறும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை உணவுக்கு முன் கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினாராம். வகுப்பில் அவரை மிகவும் போற்றினார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. தோட்டத்தில் ஆள்களை வேலைக்குக் கூப்பிட அடிப்பார்களே, அப்பா ஆயுள் முழுக்க அஞ்சி எழுந்த அந்தப் பிரட்டு மணியை நானே எனக்கு அடித்துக்கொள்வது போல இருக்கிறது. அடுத்த வரி இன்னதென்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுவது, மறுநாள் அந்த வரியிலிருந்து தொடங்குவது என்ற ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் நாவல் மலாயாவின் அவசரகாலத்தைப் பற்றியது என்று முன்பே எழுதியிருந்தேன். 1948 ஜூன் 16-இல் நம் ஊருக்கு அருகே இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதன்பின் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்ததையும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. என்னை விடாமல் பிடித்திருப்பது அதுவன்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் கைக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக, பால்மரம் வெட்டப் போகிறவர்கள், அதாவது ரப்பர் மரம் சீவுகிறவர்கள், வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு செல்வதையே தடுத்து, வாயிலில் சோதனையிட்டு அனுப்பிய காலம் அது. விடியுமுன் புறப்பட்டு, நிரை நிரையாக மரம் வெட்டி, பாலைக் கொட்டகையில் சேர்க்கும்வரை பசியோடு நின்ற ஒருத்தி, தன்னைத் தடவிப் பார்த்தவரைப் பற்றி மனத்துக்குள் என்ன சொல்லியிருப்பாள் என்பதை எந்த ஆவணத்திலும் காண முடியாது. இந்தக் கேள்வி அகப்பட்ட நாள்முதல் ஊக்கத்தைத் தேடி நான் எங்கும் போகவில்லை. ஆனால் ஆராய்ச்சி இருக்கிறதே, எழுதாமல் இருப்பதற்கு அதைவிட மரியாதையான சாக்கு வேறில்லை. இன்னும் ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பழைய வரைபடத்தைத் தேடிவிட்டு என்று வருடத்தையே ஓட்டிவிடலாம். ஆகவே தெரியாத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே எழுதிச் செல்கிறேன்.

எனக்கு இப்போது வேண்டியது காத்திருக்கும் ஒரு வாசகி. நீ அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஓர் அத்தியாயம் உனக்கு வந்து சேரும். வராவிட்டால் தயங்காமல் தொலைபேசியில் அழைத்து ஏசு. நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதே, அது எனக்கு உதவாது. படித்துக்கொண்டே வரும்போது எந்தப் பக்கத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாய் என்பதை ஓரத்தில் குறித்து அனுப்பு. காரணம் சொல்லத் தேவையில்லை, அதை நான் கண்டுபிடித்துக்கொள்வேன். உன் மாமியார் தோட்டத்தில் வளர்ந்தவர் ஆயிற்றே, சோதனைச் சாவடிக் காட்சியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டி, எது பொய்யாகத் தோன்றுகிறது என்று கேட்டுச் சொல்.

முதல் இரண்டு அத்தியாயங்களைத் திங்கட்கிழமை போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி